கேபினில் மட்டும் கரண்ட்

மனோகரனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நம்பிய ஒரே ஆள் மனோகரன்தான். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் வைரஸ் என்பார். மௌஸ் நகராவிட்டால் ஹெட் ஆபீசுக்கு போன் போடுவார். ஆனாலும் யார்டு மேனேஜர் அவர்தான். சுழல் நாற்காலியும் கண்ணாடிக் கேபினும் அவருக்குத்தான். ஊரில் எந்த நாற்காலி தகுதி பார்த்து ஆளை உட்கார வைத்திருக்கிறது!

மலர்க்கொடிக்கு அவரைக் கண்டாலே குமட்டும். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஹாலில் மூன்றாவது கம்ப்யூட்டரில் ஆறு வருஷமாக டைப் அடிப்பவள் அவள். யார்டில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது ஓடினாலும் அது அவளால்தான் ஓடியது. நின்றால் மட்டும் அவள் பெயர் வெளியே வரும்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்தில், மனோகரன் ஹெட் ஆபீசை நச்சரித்து ஒரு பேக்கப் சர்வர் வாங்க வைத்தார். ஆபீஸ் ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அதில் போய்ச் சேரும். தேங்காய் உடைத்துத் திறப்பு விழா நடத்தினார். யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவார். "ஈ பறந்தாலும் இதுல எழுதிடும் சார். யார் எதைத் தொட்டாலும் ரெக்கார்டு" என்பார். எங்கே எழுதும், அதை எப்படிப் படிப்பது என்று யாரும் கேட்கவில்லை. அது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

அந்த ரெக்கார்டைத்தான் சனிக்கிழமை காலையிலிருந்து மலர்க்கொடி துழாவிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை என்குயரி. அதற்குள் ஒரு ஃபைல் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் லட்சுமணனின் வேலை போய்விடும். போலீஸ் கேசிலும் அவர் பெயர்தான் எழுதப்படும்.

லட்சுமணன், கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ராட்சத வண்டியைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுபவர். யார்டில் இருந்த இரண்டு வண்டிகளில் அவருடையது இரண்டாம் நம்பர். வண்டியில் கோளாறு என்றால் ஆபரேட்டர்கள் மலர்க்கொடியின் மேசைக்கு வந்து வாயால் சொல்வார்கள். அவள் டைப் அடித்து பிரிண்ட் எடுப்பாள், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், காகிதம் கேபினுக்குப் போகும். ஃபைல் எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரில், சர்வரிலேயே, வண்டி நம்பரோடு தங்கும். "பிரேக் கால் வெச்சா உள்ள போவுது, வண்டி நிக்க மாட்டேங்குது" என்று லட்சுமணன் சொன்னதை அவள் தன் கையால்தான் அடித்தாள். மனோகரன் அந்தக் காகிதத்தின் மேல் டீ டம்ளரை வைத்ததையும் பார்த்தாள்.

இருபது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி பின்னால் உருண்டு செக்கர் ஷெட்டில் மோதியது. உள்ளே கன்டெய்னர் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்த செக்கர் காஜா மொய்தீனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். அவர் மயக்கம் தெளிவதற்கு முன்பே மனோகரன் ரிப்போர்ட் எழுதி முடித்துவிட்டார்: டிரைவரின் கவனக்குறைவு, பிரேக் பற்றி எந்தப் புகாரும் வந்ததில்லை.

லட்சுமணனை சஸ்பெண்ட் செய்து கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். டீக்கறை படிந்த காகிதம் மறைந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை மலர்க்கொடி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது ஃபைலும் இல்லை. பேக்கப் சர்வரில் நகலும் இல்லை. நகலையும் அழிக்கும் அளவுக்கு அந்த ஆளுக்கு மூளை வேலை செய்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

ஆனால் அழித்ததையும் எழுதி வைப்பதற்குத்தானே ரெக்கார்டு. நாளுக்கு ஒரு ஃபைலாக அது சேர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் ஐயாயிரம், ஆறாயிரம் வரி. நேரம், பயனர் பெயர், எந்தக் கம்ப்யூட்டர், என்ன செய்தார், எந்த ஃபைல். புகார் அடித்த நாளை அவள் முதலில் பிடித்தாள். 'இரண்டாம் வண்டி பிரேக் புகார் லட்சுமணன்' என்ற ஃபைல், மாலை நாலு பத்துக்கு, ஹால் மூன்றிலிருந்து உருவாகியிருந்தது. ஃபைல் இருந்தது என்பதற்கு இதுவே போதும். ஆனால் மனோகரன் விடமாட்டார். நீயே அடித்தாய், தப்பென்று நீயே அழித்தாய் என்பார். அழித்த கை எது என்றும் தெரிய வேண்டும்.

விபத்து நடந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளாகத் தேடினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். இல்லை. செவ்வாய் ஆயுத பூசை. அன்றைக்கு மதியம் வரை வண்டியும் ஓடாது, கம்ப்யூட்டரையும் யாரும் தொடமாட்டார்கள். அதனால் அதைத் தாண்டி புதனுக்குப் போனாள். வியாழன் பார்த்தாள். இல்லை. கண் எரிந்தது. மறுபடி வெள்ளியிலிருந்து ஆரம்பித்தாள். அப்போதும் இல்லை.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவள் புத்தர் படம் மாட்டிய வீட்டுப் பெண், பூசையே கும்பிடாதவள். அவளுக்கே பூசை அன்று யாரும் தொட மாட்டார்கள் என்ற நினைப்பு ஊறிப்போயிருந்தது. செவ்வாயைத் திறந்தாள். அந்த நாளின் ரெக்கார்டு மொத்தமே ஒரு பக்கம்தான். நடுவில், காலை பதினொன்று பன்னிரண்டுக்கு, அந்த ஃபைல் அழிக்கப்பட்டிருந்தது. அழித்தவர் பெயர்: மலர்.

அவளுடைய பெயர், அவளுடைய பாஸ்வேர்டு. அக்கா மகள் மகிழினியின் பெயரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். நீ லீவு போட்டால் வேலை நிற்கக் கூடாது என்று மனோகரன்தான் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டச் சொன்னார். கேட் வாட்ச்மேன் வரைக்கும் மகிழினியைத் தெரியும்.

பிறகுதான் அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். எந்தக் கம்ப்யூட்டர் என்ற இடத்தில் ஹால் மூன்று இல்லை. 'கேபின்' என்று இருந்தது.

"த்தூ" என்றாள் மலர்க்கொடி, ஆளில்லாத அறையில் சத்தமாக. சொந்தப் பெயரில் அழிக்கக்கூடத் துணிச்சல் இல்லாதவன். இவனுக்கு ஆறு வருஷமாக குட்மார்னிங் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு நாளின் பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனாள். சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து லட்சுமணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உன் பேரு கீதே, மலரு."

"பேருதாண்ணா என்னுது. கம்ப்யூட்டரு அந்தாளுது."

"அவங்க பேரத்தான் பாப்பாங்க. நீ இத்த காட்டினா உன் வேலையும் பூடும். என்னால நீ மாட்டிக்காத மா. கிழிச்சிப் போட்டுடு."

"கிழிச்சிட்டு? நீ கோர்ட்டுக்கு நடந்துகினு இருப்ப, அவரு கேபின்ல காத்து வாங்கிகினு இருப்பாரு. எனக்குச் சோறு எறங்காதுண்ணா." காகிதத்தைப் பிடுங்கி மடித்துப் பையில் வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது.

திங்கட்கிழமை ஹெட் ஆபீசிலிருந்து மோகனப்ரியா வந்தார். எதற்கும் முகம் மாறாத அதிகாரி. ஹாலிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார். மனோகரன் புதுச் சட்டையில் இருந்தார். லட்சுமணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருஷம் நாற்பதடி கன்டெய்னரை ஆட்டி வைத்த மனுஷன் மனோகரன் முன்னால் கையைக் கட்டி நிற்பதைப் பார்க்க மலர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை.

அவள் பிரிண்டை மேசையில் வைத்தாள். மனோகரன் முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். முதலில் முகம் வெளுத்தது. 'மலர்' என்பதைப் படித்ததும் ரத்தம் திரும்பி வந்தது.

"பாருங்க மேடம், இவங்க பேரு இவங்களே கொண்டு வந்து குடுத்துட்டாங்க. அன்னைக்கு ஆயுத பூசை. ஸ்டாஃப் எல்லாரும் யார்டுல இருந்தோம். இவங்க மட்டும் சாமி கும்பிட மாட்டாங்க, அது அவங்க விருப்பம், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஹால்ல தனியா இருந்தது இவங்கதான். பொய்ப் புகார் ஒண்ணை அடிச்சு வச்சுட்டு, பிரச்சனை ஆனதும் அழிச்சிருக்காங்க."

நல்லவர் போல எவ்வளவு பதமாகச் சொன்னார்! சாமி கும்பிடாதவள் என்பதையே சாட்சியாக்கிவிட்டார்.

"கம்ப்யூட்டர் பேரையும் படிங்க சார்" என்றாள் மலர்க்கொடி.

"கேபின்னு போட்டிருக்கும். மெஷின் தப்பா எழுதியிருக்கும். இல்லைன்னா நான் வெளிய இருந்தப்ப இவங்க என் ரூமுக்குள்ள போயிருக்கணும்."

"தப்பா எழுதுமா? ஈ பறந்தாலும் எழுதும்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

மோகனப்ரியா நிமிர்ந்தார். "அந்த நேரத்துல ஹால்ல யார் இருந்தாங்க?"

"கெங்கம்மாவைக் கேளுங்க மேடம்."

கெங்கம்மா ஆபீஸ் பெருக்குபவள். பூசைக்குச் சந்தனம் கரைப்பதிலிருந்து பொரி பங்கு போடுவது வரை அவள் பொறுப்பு. துடைப்பத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹால்ல யாருமா இருப்பாங்க? நான்தான் மெயினையே எறக்கி வெச்சிட்டேனே" என்றாள். "போன வருசம் ஈரத்துணியில கம்ப்யூட்டர தொடச்சி ஷாக்கு அடிச்சிது. அதனால இந்த வாட்டி காலைலயே மெயின எறக்கிட்டு, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சி, பூ சுத்தினேன். ஒரு மணிக்கு மேலதான் மறுபடி போட்டேன். இந்த மலரு பூசைக்கு வராது, பொரின்னா மட்டும் மொத ஆளா நிக்கும். கேட்டாண்ட என் பக்கத்துல குந்திகினு ரெண்டு பொட்டலம் துன்னுது."

"கரண்டே இல்லையா? அப்ப இது எப்படிப் பதிவாச்சு?" என்றார் மோகனப்ரியா.

"சர்வர் யுபிஎஸ் பேட்டரியில ஓடும் மேடம்" என்றாள் மலர்க்கொடி. "அந்த யுபிஎஸ்லேர்ந்து கேபினுக்கு மட்டும் ஒரு லைன் இழுத்திருக்கு. கரண்ட் போனா சாருக்கு வேர்க்கும்."

"ஆமாம்மா, சாரு ரூம்ல மட்டும் ஃபேனு சுத்திகினு இருந்துது" என்று கெங்கம்மா உற்சாகமாகச் சேர்ந்துகொண்டாள். "பொரி எடுத்தும்போயி கதவ தட்டினேன். தொறக்கல. அப்பறம் வான்னு உள்ள இருந்தே கத்தினாரு. அவரு கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெக்கவும் வுடல, ஸ்கிரீனு கலீஜா பூடுமாம்."

மோகனப்ரியா எழுந்து நடந்தார். ஹாலில் இருந்த மூன்று மானிட்டர்களிலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. கேபினில் இருந்தது பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து அந்தத் தனி ஒயரைப் பார்த்தார். "இந்த லைனுக்கு யார் பர்மிஷன் குடுத்தது?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் வியாக்கியானம் சொல்லும் மனோகரன் காலால் ஒயரை உள்ளே தள்ளப் பார்த்தார். புதுச் சட்டையின் அக்குள் நனைந்து போயிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் என்னவோ நன்றாகத்தான் சுற்றியது.

பாவம் என்று தோன்ற வேண்டிய இடம்தான். மலர்க்கொடிக்குத் தோன்றவில்லை. ஸ்டான்லியில் கால் தூக்கிக் கட்டிக் கிடந்தவரின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

நாலாம் நாள் ஹெட் ஆபீசிலிருந்து மூன்று கடிதம் வந்தது. லட்சுமணன் மீது தவறில்லை, வேலைக்குத் திரும்பலாம் என்றது முதலாவது. அவர் அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசு என்றார். பாஸ்வேர்டைப் பிறர் பார்க்கும்படி ஒட்டி வைத்ததற்காக மலர்க்கொடிக்கு மெமோ என்றது இரண்டாவது. மூன்றாவது மனோகரனுக்கு. அத்திப்பட்டுப் பக்கம் புதிதாகத் திறக்கும் யார்டுக்கு அவரை மாற்றியிருந்தார்கள். பதவி அதேதான். அனுபவசாலி வேண்டுமாம்.

"அங்க போயி இன்னும் பெரிய சர்வர் வாங்குவாரு" என்றாள் மலர்க்கொடி. சீட்டை மானிட்டரிலிருந்து கிழித்து நாலாக்கிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லட்சுமணன் சாவி வாங்கிக்கொண்டு யார்டுக்குள் போனார். இரண்டாம் நம்பர் வண்டி விபத்து நடந்த நாளிலிருந்து ஓரமாக நின்றிருந்தது. முகப்பில் பெரிய சந்தனப் பொட்டு, காய்ந்த சாமந்தி மாலை. சக்கரத்துக்குக் கீழே வைத்த எலுமிச்சம்பழம் கறுத்துப்போயிருந்தது. எட்டு இருபதுக்கு அவர் ஹாலுக்குத் திரும்பி வந்தார். சாவியை மலர்க்கொடியின் மேசையில் வைத்தார்.

"இன்னாண்ணா?"

"அடி மா. அதே கம்ப்ளெயின்டு. தேதிய மட்டும் மாத்திக்கோ."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "பிரேக்கு பாக்கலையா? இத்தினி நாளா?"

"யாரு பாப்பாங்க? பூசணிக்கா ஒடச்சிகீறாங்க. கால் வெச்சேன், நேரா உள்ள போவுது."

இரண்டு வாரமாக மொத்த யார்டும் ஒரு காகிதத்தைத் தேடியது. சிலர் ஒளிக்கத் தேடினார்கள், அவள் காட்டத் தேடினாள். ஹெட் ஆபீஸ் கடிதத்திலும் ஃபைல் உண்டு, ரெக்கார்டு உண்டு, பாஸ்வேர்டு உண்டு. பிரேக் என்ற சொல் இல்லை. அவளும் இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

ஷெட்டுக்குப் புதுத் தகடு அடித்திருந்தார்கள். காஜா மொய்தீன் இடத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மலர்க்கொடி டைப் அடித்தாள். மூன்று பிரிண்ட் எடுத்து, மூன்றிலும் லட்சுமணனிடம் கையெழுத்து வாங்கினாள். ஒன்றைக் கேபினில் வைத்தாள், ஒன்றைத் தன் பையில் வைத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போய், அந்தப் புது ஆளிடம் கொடுத்து, "எழுந்து வெளிய வாங்க சார்" என்றாள்.