ஒரு ஸ்ட்ரோபெரிக்கு இரண்டு வாக்கு

பழம் சிவந்துவிட்டது! காலையில் வலையைத் தூக்கிப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில், குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் கணவர் பிரகலாதன் பாம்பென்று நினைத்து விளக்குமாறோடு ஓடிவந்தார்.

“பாம்பு இல்லையப்பா, பழம்! வடிவாப் பாருங்கோ, முழுக்கச் சிவப்பு!”

“இதுக்கோ இந்தச் சத்தம்? என்ர பெருவிரல் அளவுகூட இல்லை.”

மீன் வியாபாரி வேறு எப்படிப் பார்ப்பார்? அந்த மனுசனுக்கு எதன் அருமையும் தராசில் போட்டால்தான் தெரியும்.

திருகோணமலையில், உட்துறைமுகத்து உப்புக் காற்றில், ஸ்ட்ரோபெரி பழுத்திருக்கிறது! நுவரெலியாவுக்குப் போன இடத்தில் ஆறு கன்றுகளை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவள் அடுத்த வீட்டுச் சுஹைரா ஒருத்திதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். காலை வெயில் என் பக்கம், பின்னேர நிழல் அவள் பக்கம். அதனால் சட்டிகளை மதிலின் மேலேயே வரிசையாக வைத்து, அணிலுக்குப் பயந்து பழைய மீன்வலையால் மூடி, இரண்டு பேருமாகத்தான் வளர்த்தோம்.

செடிக்குக் குளிர் வேண்டும் என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றான். குளிருக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? இவர் மீன் கொண்டுவரும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகளில் எப்போதும் ஐஸ் மிஞ்சிக் கிடக்கும். மத்தியான வெயிலில் அதைக் கை நிறைய அள்ளி வேரடியில் போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. வெயில்தான் சுடுகிறது என்று இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டேன். நாலு கன்று செத்த பிறகு, சுஹைரா சட்டியடியில் தேங்கி நின்ற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“ரூபி அக்கா, இது உப்பு! கடல் தண்ணியில அலசின மீனுக்குப் போட்ட ஐஸைக் கொட்டியிருக்கீங்களே!”

மீன்காரன் பெண்சாதிக்கு இது தெரியாமல் போயிற்றே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே சல்லி ஊர்க் கோயில் பக்கம் திரும்பி முத்துமாரியம்மனைக் கும்பிட்டேன்: “அம்மாளாச்சி, மிச்சம் ரெண்டையும் காப்பாத்தித் தா. முதல் பழம் உனக்குத்தான்.”

சுஹைரா மண்ணை மாற்றினாள். பூத்ததும், தேனீயைக் காணோமென்று, தன் மகளின் வர்ணத் தூரிகையை எடுத்துவந்து ஒவ்வொரு பூவாகத் தடவிவிட்டாள். முதல் பிஞ்சு தலைகாட்டிய அன்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. மதிலுக்கு மேலாலேயே அவளைக் கட்டிப்பிடித்து, “முதல் பழம் உனக்குத்தான் சுஹைரா! இதாலதான் நீ நோன்பு திறக்கிறாய்!” என்றேன்.

இரண்டு தடவையும் மனதாரத்தான் சொன்னேன். அதுதான் வினையாகிவிட்டது. இப்போது பழம் ஒன்றே ஒன்று. அடுத்தது வெளிறிய காயாகத் தொங்குகிறது.

“பாதியை வெட்டி அம்மனுக்கு வைச்சிட்டு, பாதியை அந்தப் பிள்ளைக்குக் குடுமன்,” என்றார் இவர்.

“வெட்டின பழத்தை அம்மாளுக்குப் படைக்கிறதோ?”

“அப்ப முழுசாப் படைச்சுப்போட்டு, அர்ச்சனைத் தட்டில திரும்பி வரேக்குள்ள குடும்.”

“கோயில்ல படைச்சதைச் சுஹைரா ஆக்கள் சாப்பிட மாட்டினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ!”

ஒரு கள்ள யோசனையும் வந்தது. இதைச் சுஹைராவுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததை முதல் பழம் என்று அம்மனுக்கு வைத்தால் என்ன? யோசித்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குள் என் கூச்சல் கேட்டுச் சுஹைரா முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓடிவந்தாள்.

“பழுத்திட்டா? அல்லாஹ்வே, என்ன சிவப்பு!” தொடக்கூட இல்லை. குனிந்து மணந்து பார்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரிக் கைகொட்டினாள். “இண்டைக்கு நோன்பு திறக்கிற நேரம் எப்ப வரும் எண்டு இருக்கு அக்கா!”

அவளிடம் மறைக்க எனக்கு ஏலாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நேர்த்தி வைச்சது எப்ப?”

“கன்று செத்த அண்டைக்கு.”

“எனக்குச் சொன்னது அதுக்குப் பிறகுதானே. அப்ப கியூவில முந்தி நிண்டது அவங்க. முதல்ல அங்க கொண்டுபோய்க் குடுங்க,” என்றாள். நான் பழத்தைப் பறிக்க வலையைத் தூக்கிப் பிடித்ததும் அவள்தான்.

ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு சல்லிக்குப் பறந்தேன். பூசகர் தட்டை வாங்கி, “இதென்ன பிள்ளை, ஜம்புக்காயோ?” என்று கேட்டார். “ஸ்ட்ரோபெரி ஐயா, எங்கட வீட்டில காய்ச்சது!” என்று நான் சொன்னது வெளிவாசல்வரை கேட்டிருக்கும். பூசை முடிந்து தட்டு திரும்பி வந்தது. தேங்காய்ப் பாதிக்குப் பக்கத்தில் என் பழம். அந்த மணம்! வாய் ஊறியது. வளர்த்தவளுக்கு ஒரு கடி கடிக்க உரிமை இல்லையா? கையில் எடுத்தேன். பூவுக்குப் பூ தூரிகை பிடித்த அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

“ஐயா, இது அம்மாளின்ர காலடியிலயே இருக்கட்டும்,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்ன கையோடு, வாயில் பேரீச்சம்பழமும் கையில் எங்களுக்குக் கஞ்சிப் பாத்திரமுமாகச் சுஹைரா மதிலடிக்கு வந்தாள்.

“எப்பிடி அக்கா இருந்திச்சு? இனிப்பா, புளிப்பா? சொல்லுங்க!”

“தெரியாது. நான் சாப்பிடேல்லை.”

“ஏன்?”

“நீ இல்லாமல் எனக்குத் தொண்டைக்குள்ள இறங்குமோ?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா வலையைத் தூக்கினாள். உடனே, “அக்கா! இஞ்ச பாருங்க!” என்று கத்தினாள்.

வெளிறிக் கிடந்த காயின் ஒரு பக்கம் சிவக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் ஒரேயடியாக வலைக்குள் தலையை விட்டு மண்டையை மோதிக்கொண்டோம்.

“பெருநாளுக்குப் பழுத்திரும்!”

“பழுக்கோணும்! பழுத்தால், அம்மாளாச்சி, உனக்கு நான்...”

சுஹைரா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

“வாயத் திறக்காதீங்க அக்கா! இதையாவது நாம சாப்பிடுவம்!”