முக்கிய முடிவெடுப்பவர்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, மருந்துக் கம்பெனி ரெப்புகள் உட்காரும் நாற்காலி வரிசையை நிமிர்ந்து பார்த்தேன். வழக்கமான நான்கு பேர். ஐந்தாவதாக என் வீட்டுக்காரர்.

கழுத்தில் டை, மடியில் கறுப்புப் பை. அலமாரிக் கிடங்கில் இருக்க வேண்டிய நேரம் அது. காலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பிய அதே மனிதர்தான். அந்த டப்பா இப்போது பையின் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் எழுந்து கவுன்டருக்கு வந்தார்.

"வணக்கம் மேடம்," என்றார்.

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை. வணக்கமும் வைத்ததில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம்தான் எனக்குப் பழக்கம் என்பதால் அதையே வைத்துக்கொண்டேன்.

"ரெப்பா?"

"ஆமா மேடம். புதுசு."

"டாக்டரைப் பார்க்கணுமா?"

"இல்ல மேடம். உங்களைத்தான்."

டோக்கன் ஐந்தைக் கிழித்துக் கொடுத்தேன். "உட்காருங்க. கூப்பிடுறேன்."

இந்த கிளினிக்கில் டாக்டர் அறைக் கதவை ஒட்டிப் பதின்மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இடம் எவ்வளவு குறுகல் என்றால், நான் முழங்காலை மடக்கினால்தான் கதவு திறக்கும். மடக்கலாமா வேண்டாமா என்பதை நான்தான் தீர்மானிப்பேன். ரெப்புகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். அதிலும் மூன்று பேருக்கு மேல் உள்ளே விட மாட்டேன். மற்றவர்களுக்கு 'நாளைக்கு வாங்க', நாளைக்கு வந்தால் 'அடுத்த வாரம்'. சாயங்காலம் வீட்டில் அவர்கள் குழைவதை நடித்துக்காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதிகம் சிரிப்பவர் என் வீட்டுக்காரர்தான்.

அப்படிச் சிரித்த வாயால், நானும் ரெப்பாகப் போகிறேன் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு, நான் உப்பு எடுக்கும்போதெல்லாம் சமையலறை வாசலில் வந்து நின்றார். மருந்து விற்பனைப் பிரதிநிதி, ஒப்பந்த வேலை, காலம் பதினொரு மாதம் என்றிருந்தது. சம்பளம் இப்போது வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு.

"பதினொரு மாசமா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"பன்னிரண்டாவது மாசம்?"

"புதுப்பிச்சுக் கொடுப்பாங்கன்னு சொல்றாங்க."

"யாரு?"

"சொல்றாங்க."

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். பிறகு அவர் இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார். எனக்குக் கால் வலி, தலைவலி, இல்லாவிட்டால் தூக்கம். 'நாளைக்குப் பேசலாம்' என்றேன். கிடங்கு வேலை அவருக்கு நிரந்தரம். பத்தொன்பது வருடம் உட்கார்ந்து சம்பாதித்த நிரந்தரத்தை டைக்காக விடுவார்களா என்பது என் எண்ணம். விட்டுவிட்டால், பன்னிரண்டாவது மாதம் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் மிஞ்சும். அதில் பெண்ணைப் படிக்க வைத்துக் கரையேற வேண்டும்.

இப்போது அவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரனிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு அடி தூரம்தான், எல்லாம் காதில் விழுந்தது.

"கவுன்டர்ல இருக்கிற அந்தம்மாகிட்ட ஜாக்கிரதை. சிரிச்சே பேசாது. பேனா கொடுத்தா மட்டும் வாங்கிக்கும்."

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்காகவே இரண்டரை மணி நேரம் காக்க வைத்தேன். காலை வரிசையின் கடைசி நோயாளியும் உள்ளே போன பிறகு, "நம்பர் அஞ்சு," என்றேன். அவர் வந்து பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

'குடும்ப முடிவெடுப்பவர் சந்திப்பு அறிக்கை' என்று தலைப்பு. இது அந்தக் கம்பெனியின் ஏற்பாடாம். இந்த வேலையையே வீட்டில் விற்க முடியாதவன் மாத்திரையை வெளியே எப்படி விற்பான் என்று மேனேஜர் சொன்னாராம். அதனால் வேலையில் சேருமுன் வீட்டில் முடிவெடுக்கும் ஒவ்வொருவரையும் முறைப்படி சந்தித்து, என்ன சொன்னார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்தேன்.

'மகள். சந்தித்த இடம்: மொட்டை மாடி. நல்ல வரவேற்பு. புது செல்போன் எதிர்பார்க்கிறார்.'

'மனைவியின் அண்ணன். சந்தித்த இடம்: அவர் வீட்டு வாசல். பார்க்கலாம் மாப்பிள்ளை என்றார். இலவச காலண்டர் கிடைக்குமா என்று விசாரித்தார்.'

மூன்றாவதாக, 'மனைவி. முக்கிய முடிவெடுப்பவர். மூன்று முறை முயற்சி. சந்திக்க இயலவில்லை.'

ஒரே கட்டிலில் படுக்கிற என்னைச் சந்திக்க இயலவில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"நாற்பது விநாடி," என்றேன். ரெப்புகளுக்கு டாக்டர் தருகிற நேரம் அதுதான்.

அவர் ஒரு வண்ண அட்டையை விரித்தார். மகள் வரைந்து கொடுத்தது. ஒரு பக்கம் நிரந்தரம், இன்னொரு பக்கம் ஒப்பந்தம். தொண்டையைச் செருமினார். இந்த முறை நான் தலைவலி என்று சொல்லவில்லை.

"மேடம், நிரந்தர வேலை பத்தொன்பது வருஷமா என் உபயோகத்துல இருக்கு. பாதுகாப்பானது. யாரும் குறை சொன்னதில்ல. ஆனா பக்க விளைவுகள் உண்டு. வாய் உலர்ந்து போகுது. ஆள் பேர் மறந்து போகுது. போன மாசம் வழி கேட்டு ஒருத்தர் கிடங்குக்கு வந்தார். அவரை நிறுத்தி வச்சு அரை மணி நேரம் வழி சொன்னேன் மேடம். கிடங்குல எல்லாம் ஒரே மாதிரி அலமாரி, நானூறு இருக்கு. கதவு சரியா மூடுதான்னு ஒவ்வொண்ணா பார்ப்பேன். ஒவ்வொண்ணும் ஒரு சத்தம் போடும். நாள் முழுக்க என்கிட்ட பேசுறது அது மட்டும்தான்."

அவர் அட்டையை மடக்கினார்.

"சாயங்காலம் நீ... நீங்க வந்து அன்னிக்கு நடந்ததைச் சொல்வீங்க. நான் சிரிப்பேன். சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இருக்காது. அவ்வளவுதான் மேடம்."

முப்பத்தெட்டு விநாடி. பதின்மூன்று வருடப் பழக்கம், வாய் தானாகக் கேள்வி கேட்டது.

"ஏன் பதினொரு மாசம்? ஒரு வருஷம் கொடுத்தா என்னவாம்?"

"மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்."

"வெள்ளிக்கிழமை வாங்க."

நன்றி சொல்லி, கம்பெனி பேனா ஒன்றை வைத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைப்பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. அவர் டையைக் கழற்றி மடித்து வைத்தார், நான் சாப்பாடு போட்டேன். நடித்துக்காட்ட எனக்கு அன்று ரெப்பு யாரும் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை மட்டும், "நாளைக்குக் கூட்டமா இருக்குமா?" என்று பொதுவாகக் கேட்டார். "சீக்கிரம் வந்தா முதல் டோக்கன்," என்று பொதுவாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவரோடு மேனேஜரும் வந்தார். யார் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் இதே நாற்காலியில் ரெப்பாகத் தவம் கிடந்து, ஒரே ஒரு முறை உள்ளே போன ஆள். அந்த ஒரு முறையும், நான் கை கழுவப் போயிருந்த சமயம். இப்போது மேனேஜராகிவிட்டதால் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

"மேடம், சார் பேச்சு எப்படி? நாங்க சும்மாவா எடுத்திருக்கோம்?"

"பதினொரு மாசம் ஏன்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"மத்த ஏரியாவுக்கெல்லாம் ஒரு வருஷம்தான் மேடம். இங்க மட்டும் பதினொண்ணு. டாக்டரே அதுக்கப்புறம் இல்லையே."

"இல்லைன்னா?"

"கிளினிக்கை மூடுறாரே. மகன்கிட்டயே போய் இருக்கப் போறாராம். இந்த இடத்தை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கேட்டிருக்கார். இங்க மாசம் நூறு பேருக்குச் சர்க்கரை மாத்திரை எழுதுறார் மேடம், மூடுற வரைக்கும் எங்களுக்கு அது வேணும். ஆனா உங்க முழங்காலைத் தாண்ட ஒரு ரெப்பாலயும் முடியல. அப்பதான் சார் உங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சுது." சட்டென்று நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மேடம்."

எனக்குத் தெரியாது. இந்த வாசலில் யாருக்கு இருமல், யாருக்குச் சர்க்கரை, யார் பிள்ளை யாரோடு ஓடினான் என்று எல்லாம் தெரிந்த எனக்கு அது தெரியாது. என் வேலை நிரந்தரம் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. நாற்காலி நகராததால் நானாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்காவது முடியும் தேதி போட்டுக் காகிதம் வந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பேச்சுக்காக எடுக்கவில்லை, பெண்டாட்டியின் முழங்காலுக்காக எடுத்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் இப்போதுதான் உறைத்திருக்கிறது.

மேனேஜரை வெளியே போய் நிற்கச் சொன்னேன். பிறகு எனக்கே ஒரு டோக்கனைக் கிழித்தேன். பதினான்காம் நம்பர். எழுந்து போய் நோயாளிகளின் வரிசையில் உட்கார்ந்தேன்.

"நீ எங்க போற?" என்றார் அவர், மேடத்தை மறந்துபோய்.

"டாக்டரைப் பார்க்கணும். என் நம்பர் வர்ற வரைக்கும் நீங்க கூப்பிடுங்க."

வேறு வழியில்லாமல் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் குரல் எழும்பவில்லை. "நம்பர் ஒன்பது," என்றார், அலமாரிக்குச் சொல்வதுபோல. பத்தாம் நம்பர் பெரியவர் முழங்கால் வலி பற்றிப் பேச்சுக் கொடுத்தார். பதினொன்றாம் நம்பர் குழந்தை டையைப் பிடித்து இழுத்தது. பன்னிரண்டு போவதற்குள் வரிசை முழுக்க அவரோடு பேசிக்கொண்டிருந்தது, அவர் வாய் ஓயவில்லை. பதின்மூன்று வருடமாக இந்த வரிசை என்னோடு பேசியதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது.

"நம்பர் பதினாலு," என்றவர், முழங்காலை மடக்கிக்கொண்டார்.

டாக்டர் தலையைத் தூக்காமல், "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பதின்மூணு வருஷமா."

நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூடப் போறீங்களாமே டாக்டர்," என்றேன்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். மூணு தடவை ஆரம்பிச்சேன். மூணு தடவையும், அப்புறம் சொல்லுங்க டாக்டர், வெளியில இருபது பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு கதவைச் சாத்திட்டீங்க."

மூன்றும் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரு முறை, பேச்சை விட்டுட்டு டீயைக் குடிங்க, ஆறிப்போகுது என்று வேறு அதட்டியிருக்கிறேன். என் சங்கதியையே நான் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் இரத்த அழுத்தம் பார்க்கக் கையைக் கேட்டார். வெளியில பத்து பேர் இருக்காங்க என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே என் வீட்டுக்காரர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். படிவத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது வேண்டாம். நான் அலமாரிக்கே போயிடறேன். உன் வேலையும் போகுதுன்னா, வீட்டுல ஒரு ஆளாவது நிரந்தரமா இருக்கணும்ல."

"கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. நான் நல்லா பேசுறேன்னு நினைச்சுட்டேன்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

"அந்த ஆள் எதுக்கு எடுத்தாங்கிறது அவன் பாடு," என்றேன். "இங்க எத்தனையோ ரெப்பு பேசிக் கேட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை நீங்க போனதுக்கப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? மத்தியான வரிசையில ஏழாம் நம்பருக்குப் பதிலா ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டுட்டேன். சண்டையே வந்துடுச்சு. பதின்மூணு வருஷத்துல என்னை யாரும் நம்பர் மாத்திக் கூப்பிட வச்சதில்ல. அந்தப் படிவத்தை எடுங்க."

எடுத்தார். கடைசியில் மூன்று கட்டங்கள்: ஏற்றுக்கொண்டார், மறுத்தார், மீண்டும் வரச் சொன்னார். மூன்றாவது கட்டத்தின் பக்கம் கை தானாகப் போனது. இழுத்துக்கொண்டேன். அவர் கம்பெனி பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தேன், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன். கடைசியில் மேசை இழுப்பறையிலிருந்து எதிர்க் கம்பெனி பேனாவை எடுத்து, முதல் கட்டத்தில் அழுத்தி டிக் போட்டேன்.

"ஆனா இந்த வாசல்ல உங்களுக்குச் சலுகை கிடையாது. டோக்கன் வரிசைப்படிதான்."

அவர் டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பன்னிரண்டாவது மாசம்?" என்றார். என் கேள்வி.

"எனக்கும் தெரியல. சாயங்காலம் வீட்டுல பேசலாம். நாளைக்குன்னு சொல்ல மாட்டேன்."

"எத்தனை மணிக்கு மேடம்?" என்றார், பழக்கதோஷத்தில்.

"ஆறு மணி," என்றேன். "டோக்கன் வேண்டாம்."