இருபதடி தள்ளி ஒரு காது

என் ஓர்ப்படியும் நானும் பேசிக்கொள்வதில்லை, எழுதிக்கொள்வோம். மாமனார் கட்டிய வீட்டில் கீழ்ப்பகுதி எங்களுக்கு, மாடி என் கணவரின் அண்ணன் குடும்பத்துக்கு. மாடிப்படியின் நாலாவது படியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அவள் போடுவதை நான் எடுப்பேன், நான் போடுவதை அவள் எடுப்பாள். என் கடிதங்களில் தேதியும் வரிசை எண்ணும் இருக்கும். அவள் கடிதங்களில் அவை இரண்டும் இருக்காது, மரியாதையும் இருக்காது. ஆறு வருஷத்தில் என் பக்கத்து எண்ணிக்கை நூற்றுப் பதினெட்டு ஆகியிருந்தது.

சண்டை என் மரிம்பாவைப் பற்றியது. கட்டிலைவிட நீளமான ஒரு சட்டத்தில் மரக்கட்டைகளை வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழாயைத் தொங்கவிட்டிருப்பார்கள். இடது கைப்பக்கம் பெரிய கட்டைகள், வலது பக்கம் போகப் போகச் சின்னவை. கைக்கு இரண்டாக நான்கு மேலட்டுகளைப் பிடித்து வாசிக்க வேண்டும். மேலட் என்பது வேறொன்றுமில்லை. ஒரு குச்சி, அதன் நுனியில் ரப்பர் உருண்டை, உருண்டையின் மேல் நூல் சுற்று.

இந்த வாத்தியம் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பெட்டியில் அவளுடைய முதல் கடிதம் கிடந்தது. 'சத்தம் தாங்க முடியவில்லை.' கட்டையில் மேலட் படும்போது எழும் 'டக்'கைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கொஞ்சம் மிருதுவான மேலட்டுக்கு மாறினேன். இரண்டாவது கடிதம் வந்தது. இன்னும் மிருதுவாக மாற்றினேன். பிறகு கடிதத்தோடு மேலிருந்து குதிகாலால் மூன்று இடி இடிப்பதும் சேர்ந்துகொண்டது. அதற்கும் மாற்றினேன். கடைசியில் என் கையில் இருந்தவை கம்பளிப் பந்துகள். அப்போதும் இடி நிற்கவில்லை. இவளுக்குச் சத்தம் பிரச்சினை இல்லை, நான்தான் பிரச்சினை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மாநகர இசைக்குழுவில் மரிம்பாவுக்கு ஒரே ஓர் இடம். இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் திரும்பினேன். முடிவு சொன்ன இரண்டு சீட்டிலும் ஒரே வரி: 'ஸ்வரங்கள் தெளிவாகக் கேட்கவில்லை.' வயது வரம்பு நாற்பது. எனக்கு முப்பத்தொன்பதே முக்கால். மூன்றாவது தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு நான்காவது என்று ஒன்று கிடையாது; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு டிரம் சொல்லிக் கொடுத்தே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

வாத்தியக் கடைக்காரர் என் கம்பளிப் பந்துகளைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இத வச்சா தேர்வுக்குப் போனீங்க? தைரியந்தாம்மா உங்களுக்கு."

ஆறு ஜோடி மேலட்டுகளை ஒரு துணிச்சுருளில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். தேர்வு முடியும்வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஆனா நீங்களே அடிச்சு நீங்களே கேட்டு எடுக்காதீங்க. அடிக்கிறவங்க காதுக்கு ஒண்ணு விழும், உக்காந்து கேக்கறவங்களுக்கு வேற ஒண்ணு விழும். இருபதடி தள்ளி ஒரு ஆள உக்கார வைங்க. காது உள்ள ஆளா இருக்கணும்."

வீட்டுக்கு வந்து, மிருதுவிலிருந்து கடினம்வரை ஒன்று முதல் ஆறு என்று எண் எழுதி ஒட்டினேன். சமையலறைத் தராசில் நிறுத்தேன். இரண்டாம் எண் முப்பது கிராம், பிரம்புக் குச்சி, விரல் இடுக்கில் பூப்போல உட்கார்ந்தது. ஐந்தாம் எண் முப்பத்தெட்டு கிராம், விறைப்பான மரக்குச்சி, வார்னிஷ் வழவழப்பு. கால்மணி நேரத்தில் கட்டைவிரலடியில் வலி எடுத்தது. நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: ஒலி, எடை, கைக்கு இதம். எடையும் இதமும் நிரம்பின. ஒலிக்கு ஆள் வேண்டும்.

என் கணவர் பஸ் டிப்போவில் எஞ்சின்களுக்கு நடுவே இருபது வருஷம் வேலை பார்ப்பவர். ஆறு ஜோடியையும் கேட்டுவிட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அதுல எது நல்லா இருக்கு?"

"எதையாவது ஒண்ணச் சொன்னா விட்டுடுவியா?" என்றவர், சிறிது யோசித்து, "காதுன்னா நம்ம வீட்டுல அண்ணிக்குத்தான் இருக்கு" என்றார்.

உண்மைதான். அவள் நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறாள். விசாரணை ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டு வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்வது அவள் வேலை. சாட்சி முனகியதும் அவளுக்குக் கேட்கும், வக்கீல் வாய்க்குள் திட்டியதும் கேட்கும்.

"அவங்க கிட்டப் போறதுக்கு நான் தோத்துட்டே போயிடறேன்."

"நீ போக வேணாம். நான் போய்ச் சொல்றேன்."

மறுநாள் பெட்டியில் துண்டுக் காகிதம். 'ஞாயிறு, பத்து மணி. ஒரு மணி நேரம்தான்.' கூப்பிட்டவுடன் வருகிறாள் என்றால், என்னைக் கவிழ்க்கத்தான் வருகிறாள்.

நான் டிரம் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடத்து அரங்கத்தின் சாவியைக் காவலாளியிடம் வாங்கி வைத்திருந்தேன். பள்ளியின் மரிம்பாவை மேடையில் நிறுத்தியிருந்தேன். அவள் குடையை மடக்கியபடி உள்ளே வந்தாள். எதிரெதிரே நின்று பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"கடைசி வரிசையில உக்காருங்கக்கா. முதுகு இந்தப் பக்கம் இருக்கட்டும். எதை எடுக்கறேன்னு நீங்க பாக்கக் கூடாது."

"உன் மூஞ்சியப் பாக்கவா பஸ் ஏறி வந்தேன்? அதுவே எனக்கு வசதி."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மடியில் குறிப்புத்தாளை வைத்துக்கொண்டாள். நான் எண்ணைச் சொல்லி, அதே பதினாறு அடிகளை ஒவ்வொரு ஜோடியிலும் வாசித்தேன். அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"ஒண்ணு. தண்ணிக்குள்ள இருந்து யாரோ பேசறாங்க."

"ரெண்டு. என் கட்டிலுக்கு அடியில லாரிய ஸ்டார்ட் பண்ணிட்டு நகராம நிக்கறான். இதத்தான நீ தினம் என் தலையில போடறது?"

எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டாம் எண்தான். என் காதுக்குத் தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றை எடுத்தேன்.

"மூணு. பொய் சாட்சி இழுக்கற மாதிரி இழுக்குது. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது ஏறி உக்காருது."

"நாலு. பரவால்ல."

"அஞ்சு. ஒவ்வொண்ணாக் கேக்குது. எழுதச் சொன்னா எழுதிடுவேன்."

"ஆறு. தட்டச்சு மிஷின். வேணாம்."

ஐந்தாம் எண் என் பக்கத்தில் எப்படிக் கேட்டது தெரியுமா? ஒவ்வோர் அடிக்கும் 'டக் டக்'கென்று, மேசையைச் சுத்தியால் தட்டுவது போல. போயும் போயும் அதைப் போய்ப் பொறுக்கி எடுக்கிறாளே. என் சந்தேகம் உறுதியானது. அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். "ஏழு" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் இரண்டாம் எண்ணையே மறுபடி எடுத்து வாசித்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இப்போது வேறு ஏதாவது சொல்வாள்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். நாற்காலியோடு திரும்பினாள்.

"ஏழுன்னு ஒண்ணு கிடையாது. அது ரெண்டு."

நான் இரண்டாம் எண்ணைத் துணிச்சுருளில் வைத்தேன்.

"என்னையே சோதிக்கிறியா? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் திருடனையும் போலீஸையும் கேக்கறவ நான். எங்கிட்ட வேலைய வச்சுக்காத."

"உங்கள நம்பலக்கா. அதான்."

"நீ நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? நான் என்ன பாசத்துலயா வந்தேன்? வேலை கெடைச்சா வாத்தியத்த அங்கயே கொண்டு போய் வச்சு வாசிக்கணுமாம், உன் வீட்டுக்காரர் சொன்னாரு. அந்தப் பொணப்பெட்டி வீட்டை விட்டுப் போறதுக்காக வந்தேன். நீ தோத்தா சாகறவரைக்கும் எந்தலைக்குக் கீழதான கிடக்கும்?"

"ரெண்டு தடவ தோத்தது யாராலன்னு நினைக்கறீங்க? நீங்க சத்தம் சத்தம்னு எழுதினீங்க. நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் மெத்துன்னு இருக்கறதா மாத்தினேன். அதுக்கு அங்க, தெளிவில்லன்னு வெளிய அனுப்பிட்டாங்க."

அவள் குறிப்புத்தாளைக் கீழே இறக்கினாள்.

"மாத்தினியா?"

"நாலு தடவ."

"அதான பாத்தேன். ஒவ்வொரு லெட்டர் எழுதினப்பறமும் உறுமல் ஜாஸ்தியாச்சு. நீ வேணும்னே பண்றேன்னு நினைச்சேன். இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன்." குரல் ஏறியது. "அந்த டக்கு டக்குல்லாம் மாடிக்கு வராதுடி. அது உன் மூக்குக்கு முன்னாலயே செத்துடும். தரையப் பொளந்துட்டு வர்றது அந்தப் பெரிய கட்டைங்களோட உறுமல். மெத்துன்னு அடிச்சா அது மட்டுந்தான் வரும். ஒரு தடவ மாடியேறி வந்து கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமில்ல?"

"நீங்க ஒரு தடவ கீழ எறங்கி வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

"அஞ்சு. ஆனா இடது பக்கத்துப் பெரிய கட்டைங்கள்ல அஞ்சு பட்டா, யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கு. அந்தக் கைக்கு நாலு எடு. இஷ்டமிருந்தா எடு, இல்லன்னா போ. தோத்துட்டு என்னால தோத்தேன்னு மட்டும் எழுதிப் போடாத."

அன்று சாயங்காலம் வீட்டு மரிம்பாவில், இடது கையில் நாலும் வலது கையில் ஐந்துமாகப் பிடித்து முழு வலுவோடு இரண்டு மணி நேரம் வாசித்தேன். காது இரைந்தது, வலது கை கடுத்தது. மேலிருந்து ஓர் இடிகூட இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் சோதித்துப் பார்க்க இரண்டாம் எண்ணை எடுத்து ஒரே ஒரு முறை பெரிய கட்டைகளில் உருட்டினேன். உடனே குதிகால் இறங்கியது: தடும், தடும், தடும்.

நாலையும் ஐந்தையும் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் எண் குச்சிகளில் நான் பிடிக்கும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பை எடுத்தேன். குச்சியையும் ஒரு விரற்கடை கீழே தள்ளிப் பிடித்தேன். பாரம் குறையவில்லை, ஆனால் வலி வர அரைமணி நேரம் ஆனது. தேர்வு இருபது நிமிஷம்தான்.

தேர்வு நடந்த இடத்தில் மேடைக்கும் நடுவர்களுக்கும் நடுவே கறுப்புத் திரை. நடந்து வரும் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் இருக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். நான் பதினோராம் எண். மெதுவான பகுதியை வாசித்து முடித்தேன். 'டக் டக்' என்று எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, அவமானமாக இருந்தது. வேகமான பகுதி தொடங்குவதற்கு முன் கை தானாகவே பக்கத்துத் தட்டில் இருந்த இரண்டாம் எண்ணுக்குப் போனது. பிரம்பு விரலில் பட்டது. எவ்வளவு இதம்! அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது அவள் சொன்ன எதுவும் இல்லை, அந்தக் குதிகால்தான். மூன்று இடி. கையை எடுத்துவிட்டேன். நாலையும் ஐந்தையும் கொண்டே ஓட்டினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "இடது கைப் பகுதிய மட்டும் இன்னொரு தடவ" என்றது. வாசித்தேன். காகிதம் புரளும் சத்தம். "சரி, போதும்."

ஒரு மணி நேரம் கழித்துக் கதவில் ஒட்டிய தாளில் ஒரே ஓர் எண் இருந்தது. பதினொன்று.

என் நூற்றுப் பத்தொன்பதாவது கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். 'தேர்வானேன். வாத்தியத்தை எடுக்கச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும்.' நன்றி என்று எழுதி, அடித்து, வேறு தாளில் திரும்ப எழுதினேன். பதில் ஒரு மணி நேரத்தில் கிடந்தது.

'ஒன்பதுக்கு வராதா?'

சனிக்கிழமை வண்டி பத்துக்குத்தான் வந்தது. எட்டரை மணிக்கு, அவள் விடுமுறைத் தூக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து, அலமாரியின் அடியிலிருந்து பழைய கம்பளிப் பந்துகளை எடுத்தேன். வாத்தியத்தின் இடது கோடியில் நின்று, எல்லாவற்றிலும் பெரிய கட்டையை மெத்தென்று உருட்டத் தொடங்கினேன். என் காதுக்குத் தேன். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

குதிகால் வரவில்லை. மாடிக் கதவு படாரென்று திறந்தது. படியில் நின்று அவள் கத்தினாள்.

"பழசு! அந்தக் கம்பளி! இடது கை ரெண்டும், வலதுல ஒண்ணுமில்ல!"

சரியாகத்தான் சொன்னாள். வலது கையிலும் இரண்டை எடுத்துக்கொண்டேன்.