வெள்ளிக்கிழமை மூஞ்சி

இருதயம்மாள் என்று பேர் வைத்தார்களே தவிர, அந்த இருதயத்துக்குள் என்ன ஓடுகிறது என்பது அவளுக்கே தெரியாது. "சந்தோஷமா?" என்றால் "தெரியல" என்பாள். "கோவமா?" "தெரியல." கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் அப்பா தேம்பித் தேம்பி அழுதபோது, "உன் சட்டைப் பித்தான் ஒண்ணு அறுந்துகீது, நைனா" என்று சொன்னவள்தானே.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பருப்பும் முட்டையுமாய் வளர்ந்தவள், அறுபத்தெட்டாம் வருசம் ராயபுரத்துக்கு வாழ வந்தாள். புருஷன் செல்வநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மாமியார் சிலுவையம்மாள் கூடையில் எறா என்கிற இறால் விற்கிறவள். வெள்ளிக்கிழமை விரதத்தை மாதா கோயிலே கொஞ்சம் தளர்த்திவிட்டாலும் சிலுவையம்மாள் தளர்த்தவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் கறி கிடையாது, எறாத் தொக்குதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் இருதயம்மாளின் மூஞ்சி உப்பிவிடும். உதடு தடித்து, கண் இடுங்கி, குழாயடிக்கு வந்து குடத்தை வைப்பாள். தெருவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"புருஷன் மேல கோவம்டி," என்றாள் எதிர்வீட்டுப் புஷ்பவல்லி. "வெள்ளிக்கெழமன்னா அவன் லேட்டாத்தானே வர்றான்? வியாசர்பாடில எவளோ கீறா."

பாவம், செல்வநாதன் அன்றைக்குத் தோஸ்துகளோடு கேரம் ஆடிவிட்டு வருகிறவன். தெரு அந்தக் கேரம் பலகைக்கே புடவை கட்டிவிட்டது.

"இன்னாமே, மூஞ்ச தூக்கி வெச்சுக்கினுகீற?" என்பான் அவன்.

"நம்ம வூட்டுக்கு வந்ததுல மகாராணிக்கு அவ்ளோ கடுப்பு," என்பாள் மாமியார்.

எல்லாரும் சொல்லும்போது இருதயம்மாளும் நம்பித்தான் பார்த்தாள். உடம்பு பற்றி எரிகிறது. நெஞ்சை அடைக்கிறது. தொண்டையில் என்னவோ நிற்கிறது. கோபக்காரரும் துக்கக்காரரும் இதையேதானே சொல்கிறார்கள்? அப்படியானால் இது கோபமாகத்தான் இருக்க வேண்டும். கோபம் பாவமாயிற்றே என்று, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கே போனாள்.

"சாமி, வெள்ளிக்கெழம எனக்குக் கோவம் வருது."

"யார்மேலம்மா?"

"தெரியல, சாமி."

சாமியார் சொன்னபடி ஐம்பது மங்கள வார்த்தை மந்திரம் சொன்னாள். வீக்கம் இறங்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்ததும் சிலுவையம்மாள் நாற்பது நாளும் கறிக்குத் தடை போட்டாள். தினமும் எறா. நாலாம் நாள் குழாயடியிலேயே இருதயம்மாளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. "துக்கம் நெஞ்ச அடைச்சிடுச்சுடி!" என்று புஷ்பவல்லியே ரிக்‌ஷா பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனாள். நல்ல மனசுதான், சேதி முதலில் தனக்குத் தெரிய வேண்டும் என்பதும் இருந்தது.

டாக்டர் ஊசி போட்டு மூச்சு சீரானதும், கம்பவுண்டர் காஜா மொய்தீன் பக்கத்தில் வந்து கேட்டார்: "இன்னாமா துன்னே?"

கல்யாணமானதிலிருந்து அவளால் பதில் சொல்ல முடிந்த முதல் கேள்வி.

"எறா, பாய்."

"முன்ன வீங்கினப்போ?"

"எறா."

"அதுக்கு முன்ன?"

"அப்பவும் எறாதான்."

"இது கோவமும் இல்ல, துக்கமும் இல்ல. அலர்ஜி. இனிமே எறாவை வாயில வெக்காத. அடுத்த தபா ஊசி வர்றதுக்குள்ள உசுரு போயிடும்."

"அப்போ வியாசர்பாடிக்காரி?" என்றாள் புஷ்பவல்லி, முகம் தொங்கிப்போய்.

சிலுவையம்மாள் ஏற்கவில்லை. "எறா வித்துத்தான் இவ புருஷனையே ஆளாக்கினேன். எறா வாணாம்னா நான் வாணாம்னு அர்த்தம். மனசுல கீறத ஒடம்பு மேல போடுறா." அடுத்த வெள்ளிக்கிழமை மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, மருமகள் சோற்றில் தொக்கை அள்ளிப் போட்டாள். "கோவம் இல்லன்னா துன்னு, பாக்கலாம்."

செல்வநாதன் சுவரைப் பார்த்தான். புளி கடன் கேட்கிற சாக்கில் புஷ்பவல்லி கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

இருதயம்மாளுக்குக் கை நடுங்கியது. நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. ஆரம்பித்துவிட்டதா? உதட்டைத் தொட்டுப் பார்த்தாள், தடிக்கவில்லை. புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடிப்பு இல்லை. எச்சில் விழுங்கினாள், சுலபமாக இறங்கியது. எறா இன்னும் நாக்கில் படவே இல்லை. அப்புறம் ஏன் இந்த நடுக்கம்?

அவளுக்கு விளங்கிவிட்டது. தட்டை எடுத்து மாமியார் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"அத்தை, என் மூஞ்சிய நல்லாப் பாருங்க. உப்பிகீதா?"

"இ... இல்ல."

"இத்தினி நாளும் நீங்க பாத்தது எறா. இப்ப பாக்குறீங்களே, இதான் கோவம்."

"யார்மேலடி கோவம்?"

'தெரியல' என்று வரும் என்றுதான் செல்வநாதனும் நினைத்தான்.

"நல்லாத் தெரியும். உங்க மேல. அதோ, சுவத்தைப் பாத்துக்கினு கீறாரே, அவர் மேல. வாசல்ல நிக்குதே புளிக் கிண்ணம், அது மேலயும். எறா துன்ன மாட்டேன். இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல."

தனிச் சட்டியை அடுப்பில் வைத்து, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அவர்கள் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாகத் தின்றாள்.

புஷ்பவல்லி வெறுங்கிண்ணத்தோடு குழாயடிக்கு வந்தபோது நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாடி, இன்னிக்கும் மூஞ்சி உப்பிக்கிச்சா?"

"எங்கடி! பளிச்சுன்னு கீது," என்றாள் அவள், மெல்ல. "அம்மாடி, அப்படியொரு கோவம்."