பதினாலு போனில் ஒரு குரல்

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அலுவிகாரைக்கும் நாவுலவுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, ஆஸ்பத்திரி மட்டும் ஓடியாக வேண்டும்.

கொரோனா பற்றிய சுற்றறிக்கைகள் கொழும்பிலிருந்து நாளுக்கு இரண்டு மூன்று வரும். எல்லாம் சிங்களத்தில். தமிழ்ப் பிரதி பின்னால் வருகிறது என்பார்கள். அது எந்த பஸ்ஸில் ஏறியதோ, இன்றுவரை வந்து சேரவில்லை. நோயாளிகள் படுத்திருக்கும் வாட்டுகளைக் கூட்டித் துடைக்க மேல்தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீடுகளிலிருந்து வந்த பதினான்கு பெண்களுக்கோ சிங்களம் அரையும் குறையும்தான். எழுத்து சுத்தமாகத் தெரியாது.

இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் ஜஸ்லா அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் உக்குவளைக்காரி, ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஒப்பரேட்டர். நாள் முழுக்க மூன்று லைன்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தன் போனில் தமிழில் பேசிப் பதிந்து பதினான்கு பேருக்கும் அனுப்புவாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒரு சதம் கொடுக்கவும் இல்லை.

தகவலைக் கொண்டுவந்து தருவது இந்திரகுமார். துப்புரவு கம்பனியின் மேற்பார்வையாளர், அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் மனைவி அனுஷியாவும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி, மூன்றாம் வாட்டில் வேலை. நாலு மணிக்கு மேட்ரன் நடத்தும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நேரே ஜஸ்லாவின் ஜன்னலுக்கு வந்து வாயால் சொல்லுவார். அவள் அதை அப்படியே சொல்லுவாள். ஒரு வருசத்துக்கு மேல் இப்படியே போனது. ஜஸ்லா அவரை அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், அவரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

சுந்தரம்மாவும் மூன்றாம் வாட்டில் வேலை செய்பவள். ஐம்பது வயசிருக்கும். அவள் புருசன் மாடசாமிக்குப் பல வருசமாக மூச்சிழுப்பு. ஒரு நாள் வேலை முடிந்து வேனுக்குப் போகிற வழியில் அவள் ஜன்னலில் வந்து நின்றாள்.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு. எங்க வாட்டுல அது வந்திருச்சுன்னா அன்னைக்கே சொல்லிருங்க. அவருக்கு வந்தா தாங்க மாட்டாரு. பக்கத்துக் காம்பரா காலியாத்தான் கெடக்கு, நான் அங்கன படுத்துக்குவேன்."

"சொல்றேன் அக்கா. அத நான் மறப்பேனா?"

சுந்தரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஜஸ்லா சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூன்றாம் வாட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்கு அடுத்தடுத்து நாலு அழைப்பு போனது. ஒப்பரேட்டருக்கு இது போதாதா? சாயங்காலம் இந்திரகுமார் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள்.

"மூணாம் வாட்டுல என்ன அண்ணே?"

"ஒரு நோயாளிக்குச் சந்தேகம்னு பார்த்தாங்க. ஒண்ணும் இல்லையாம். வழக்கம்போல வரச் சொல்லுங்க. அனுஷியாவுக்கு மட்டும் வீட்டுல வேல இருக்கு, ரெண்டு நாள் லீவு."

ஜஸ்லாவுக்கு மனசு லேசாகிவிட்டது. போனை எடுத்தாள். "மூணாம் வாட்டுல ஒண்ணும் இல்ல அக்கா. பயப்படாம வாங்க" என்று பதிந்து அனுப்பினாள். பயப்படாம வாங்க என்பதை அவர்கூடச் சொல்லவில்லை. சுந்தரம்மாவை நினைத்து அவளாகச் சேர்த்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலையில் சுந்தரம்மா வாட்டு வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். காய்ச்சல் கொதித்தது. பத்து மணிக்குப் பரிசோதனை முடிவு வந்தது: பொசிட்டிவ்.

மேட்ரன் ஜஸ்லாவைக் கூப்பிட்டு சிங்களத்தில் கத்தினார். திங்கட்கிழமைக் கூட்டத்திலேயே வாசித்தோமே, உன் பெண்களுக்கு நீ சொல்லவில்லையா என்று கேட்டார். அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதம் குத்தியிருந்தது. ஜஸ்லா வாசித்தாள். மூன்றாம் வாட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதி. அங்கே வேலை செய்த எல்லாரும் உடனே பரிசோதனைக்கு வர வேண்டும். முடிவு வரும்வரை வீட்டில் மற்றவர்களோடு சேரக்கூடாது.

அவளுடைய ஜன்னலிலிருந்து அந்தப் பலகைக்கு இருபது அடி இருக்காது. அவளுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. எழுந்து நடந்து வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லையே! அண்ணன் சொன்னால் போதும் என்று உட்கார்ந்திருந்துவிட்டாள்.

இந்திரகுமாரைச் சலவை அறைக்குப் பின்னால் பிடித்தாள்.

"தெரிஞ்சே சொல்லாம விட்டீங்களா அண்ணே?"

அவர் மறுக்கக்கூட இல்லை. "சொல்லியிருந்தா மூணாம் வாட்டு ஆளுங்க ஆறு பேரு வீட்டுக்குள்ள. மிச்சப் பேரும் பயந்துக்கிட்டு வர மாட்டாங்க. ஆஸ்பத்திரி ஓடணுமா வேணாமா? நீங்க வந்து கூட்டுவீங்களா தங்கச்சி?"

"அப்ப அனுஷியா அக்காவ மட்டும் ஏன் நிப்பாட்டினீங்க?"

இந்திரகுமார் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார். "அவ என் பொஞ்சாதி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பாவி மனுசன். ஒரு வருசத்துக்கு மேல் அவர் சொன்னதை எல்லாம் வேதம் மாதிரி எடுத்துச் சொன்னாளே, அந்த வாயை என்ன செய்வது?

ஜஸ்லா அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததை ஒன்றும் மறைக்காமல் பதிந்தாள். குமார் அண்ணன் சொன்னது பொய், விசாரிக்காமல் உங்களுக்குச் சொன்னது என் பிழை, எல்லாரும் வீட்டில் தனியாக இருங்க, மாடசாமி அண்ணனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்று அழுதுகொண்டே சொல்லி அனுப்பினாள்.

அரை மணித்தியாலம் கழித்து ஒரே ஒரு பெண் பதில் அனுப்பினாள். "குமார் அண்ணே ஒங்களுக்கு முன்னாடியே பேசிட்டாருங்க மிஸ். அவரு சரியாத்தான் சொன்னாராம், நீங்கதான் மாத்திச் சொல்லிட்டீங்களாம். எங்க போன்ல இருக்கிறது ஒங்க கொரல்தானே."

ஜஸ்லா அதை இரண்டு தடவை கேட்டாள். உண்மைதான். அவள் குரல் பதினாலு போனில் இருக்கிறது, அவர் சொன்னதோ காற்றோடு போய்விட்டது. இப்படி ஒரு மாட்டு மாட்டிவிடுவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மேட்ரனிடம் ஓடினாள். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிவிப்புச் சொல்வது உன் வேலையே இல்லையே. உன்னை யார் செய்யச் சொன்னது? இந்த நேரத்தில் குமாரைப் பகைத்துக்கொண்டால் ஆள் யார் கொண்டுவருவது? விட்டுவிடு மகள்" என்றார். நேற்றுவரை அதே வேலைக்காக அவளைப் பாராட்டியவரும் இவர்தான்.

மாடசாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வெள்ளிக்கிழமைதான். ஒன்பதாம் நாள் செத்துப்போனார். சுந்தரம்மா அப்போது சிகிச்சை நிலையத்தில் கட்டிலில் கிடந்தாள். முகம் பார்க்க விடவில்லை. மூன்று நாள் அவள் அவர் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள், ராத்திரி இழுப்பு வந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டு. பயப்படாம வாங்க என்ற சொல்லை நம்பித்தானே?

ஒரு மாதம் கழித்து, தனிமைப்படுத்தல் முடிந்து பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. சுந்தரம்மாவும் இறங்கினாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். கேட்டில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது, வழக்கம்போல சிங்களத்தில். பெண்கள் அதன் முன்னால் கூட்டமாக நின்றார்கள்.

ஜஸ்லா அவர்களுக்காகவே அரை மணித்தியாலம் முன்னதாக வந்து காத்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் ஒவ்வொரு காகிதத்தையும் தன் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை. கிட்டே போனாள்.

"அக்கா, நான் வாசிக்கட்டுமா?"

சுந்தரம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. ரெண்டு வார்த்தை ஏசியிருந்தால் ஜஸ்லாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேணாங்க மிஸ். இவரு வாசிக்கட்டும்" என்று காவல்காரரைக் காட்டினாள். "வெளங்காட்டியும் பரவாயில்ல."

காவல்காரர் நல்ல மனுசன், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. நிறுத்தி நிறுத்தி சிங்களத்தில் வாசித்தார். பெண்கள் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். முடிந்ததும் பின்னால் நின்றவள் என்ன சொன்னாரு என்று கேட்டாள்.

"சாப்பாட்டு அறை பன்னெண்டு மணிக்குத் தொறப்பாங்களாம், எல்லாரும் ஒண்ணா வரலாமாம்" என்றாள் முன்னால் நின்றவள், தனக்கு விளங்கிய மட்டில்.

உண்மையில் பன்னிரண்டு மணிக்கு மூடுகிறார்கள். ஒன்றாக உட்காரக் கூடாது என்றுதான் மூடுகிறார்கள்.

"அது அப்பிடி இல்ல அக்கா, மூடுறாங்க, சேர்ந்து சாப்பிட வேணாம்னு சொல்றாங்க" என்றாள் ஜஸ்லா.

ஒருத்தியும் திரும்பவில்லை. தும்புத்தடியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, பன்னெண்டு மணிக்குச் சந்திப்போம் என்று சொல்லிக்கொண்டே வாட்டுகளுக்குப் போனார்கள்.