வெளிச்சத்துக்கு வந்து நில்

...அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் வாய் முந்திக்கொண்டது, முப்பது வருஷமாக இதே வாய்தானே, ஆக்‌ஷன், கட், கொஞ்சம் இடப்பக்கம், முகத்துல வெளிச்சம் விழல... காலையில் மனைவி சமையலறை வாசலில் நின்று, "பொண்ணு வீட்டுக்குப் போறேங்க. சாயந்தரம் ரயில். திரும்பி வர்றதா இல்ல" என்றாள், பாதி முகம் இருட்டில் இருந்தது, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஏன் என்று கேட்டிருக்கலாம், போகாதே என்றிருக்கலாம், குறைந்தபட்சம் கையிலிருந்த காபியையாவது கீழே வைத்திருக்கலாம். நான் சொன்னது, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து நில்லேன்." வந்தாளே! ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்து, நின்று, என்னையே பார்த்தாள்... அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம் உள்ளே போய்விட்டாள். வாசலில் கார் ஹாரன் அடித்தது, நானும் பெரிய மனுஷன் மாதிரி கிளம்பி இந்த எடிட்டிங் அறைக்கு வந்துவிட்டேன், நான் இல்லாவிட்டால் இன்றைய எபிசோட் நின்றுவிடுமாம்.

இப்போது பொழுது சாயப் போகிறது. "சார், எந்த டேக்க வைக்கட்டும்? ஒண்ணா, மூணா?" என்கிறான் எடிட்டர். திரையில் என் சீரியல் நாயகி, புருஷனை விட்டுப் போகிற காட்சி, போன வாரம் எடுத்தது, வேடிக்கையைப் பாருங்கள். மூன்றாவது டேக்கில் கண்ணீர் சரியான இடத்தில் சரியான கன்னத்தில் இறங்குகிறது. முதல் டேக்கில் அழவே இல்லை, சேலையை மடித்துக்கொண்டே சொல்கிறாள். அன்றைக்கு அந்தப் பெண்ணை என்ன கத்து கத்தினேன், "என்னம்மா, கடைக்குப் போறேங்கற மாதிரி சொல்ற? வீட்டை விட்டுப் போறவ இப்படியா பேசுவா?" இப்படித்தான் பேசுகிறாள்... காலையில் கேட்டேனே.

குடும்பக் கதையென்றால் சார்தான், சேனலில் எல்லோரும் சொல்வார்கள். கிளாப் பலகை பிடித்து ஆரம்பித்தவன், முதல் படம் ஓடியது, சொந்தத் தயாரிப்பு ஓடவில்லை, டிவிக்கு வந்தேன், வீடு வீடாக அழவைத்தேன், தெரியாதா எனக்குக் குடும்பம்? முதல் படத்தின் பிரிவியூ ஞாபகம் வருகிறது, ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், என் மனைவி மட்டும் ஒரு ஓரமாக வந்து, "அந்தப் பொண்ணு கடைசியில ஏதோ சொல்ல வர்றா, அதுக்குள்ள வெட்டிட்டீங்களே" என்றாள். படம் நீளமாகிவிடும், உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் அவள் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"சார்?"

"ஒண்ணு."

"நீங்கதானே சார் அத வேணாம்னு..."

"போடுய்யா."

போட்டான். நாயகி சொல்லி முடித்தாள். "இங்கயே வெட்டிடவா?" என்றான், இரு, ஓடட்டும் என்றேன். மடித்த சேலையை மார்போடு வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், எதிரே புருஷனாக நடிப்பவன் கல்லு மாதிரி நிற்கிறான், அவன் என்ன செய்வான் பாவம், அவனுக்கு நான் வசனமே எழுதவில்லை, அவள் காத்திருக்கிறாள், இன்னும் காத்திருக்கிறாள்... திரைக்கு வெளியிலிருந்து என் குரல், "கட்!" எரிச்சலான குரல். என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

இத்தனை நேரமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? சொன்னதும் வெளிச்சத்துக்கு வந்து நின்றாளே, அது இத்தனை வருஷம் என்னோடு குப்பை கொட்டிய பழக்கம் என்றுதானே... பழக்கமா அது? அவள் எனக்கு இன்னொரு டேக் கொடுத்திருக்கிறாள். முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி வந்து நின்று, இப்போதாவது பேசு என்று நின்றிருக்கிறாள், நான் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன், மணி அடிக்கிறது, எடுத்துவிட்டாள், "சொல்லுங்க" என்கிறாள், பின்னால் எங்கோ ரயில் அறிவிப்பு கேட்கிறது, போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன், அவள் இன்னும் வைக்கவில்லை...