நூற்றுப் பதினெட்டாம் கட்டம்

எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகச் சுவரில் தனிம வரிசை அட்டவணையைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். எழுதிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வரிசையில் நான்கு கட்டங்களில் பேருக்குப் பதில் எண்தான் இருக்கும். நூற்றுப் பதினெட்டாவது தனிமம் என்றால் ஒன்று, ஒன்று, எட்டு என்று எண்ணையே லத்தீனில் கோத்து உனுனாக்டியம். உலக வேதியியல் சங்கம் சரியான பேர் சூட்டும்வரை இது தற்காலிக ஏற்பாடு. 2016-இல் நான்குக்கும் பேர் சூட்டியாகிவிட்டது. நூற்றுப் பதினெட்டு ஓகனேசான் ஆகிவிட்டது. எங்கள் சுவருக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை.

இந்த வருஷம் வெள்ளையடிக்க வந்த சுடலைராஜிடம் நானே நான்கு பேரையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஏணியில் நின்று பழைய எழுத்தைச் சுரண்டும்போது தலைமையாசிரியர் தேவகனி சார் உள்ளே வந்தார்.

"இதெல்லாம் எம்புட்டு நேரம் இருக்கும் டீச்சர்?"

"நூத்திப் பதினெட்டு ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது சார். இதுவரைக்கும் செஞ்சதே விரல்விட்டு எண்ணுற அணுதான்."

"கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள போற சாமானுக்கு எதுக்குப் பேரு? இருக்கது போதும். பெயின்டை வெளிச்சுவருக்கு வைங்க."

சார் நல்ல மனுஷர்தான். ஆனாலும் எனக்கு நெஞ்சு கொதித்தது.

"சார், ஒரு நொடியை நூறு லட்சம் கோடிப் பங்கு போட்டா, அதுல ஒரு பங்கு நேரம் இருந்தாப் போதும், அது பொறந்ததுதான்னு சங்கம் ஒத்துக்கிடுது. எம்புட்டு நேரம் இருந்துச்சுன்னா கேக்காங்க? இருந்துச்சான்னுதான் கேக்காங்க. இருந்துச்சுன்னா பேரு உண்டு."

"அதுக்கு ஏன் டீச்சர் எங்கிட்ட கோவப்படுதீங்க?"

கோபத்துக்குக் காரணம் என் கைப்பையில் இருந்தது. என் மகனின் பிறப்புச் சான்றிதழ். நான்கு மணி நேரம் உயிரோடு இருந்தான். சான்றிதழில் பேருக்கான இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. பதிந்த நாளிலிருந்து பதினைந்து வருஷத்துக்குள் பேரைச் சேர்க்கலாம் என்பது விதி. அந்தப் பதினைந்து வருஷம் மறுநாளோடு முடிகிறது. தாய், தகப்பன் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடவேண்டும். என் வீட்டுக்காரர் கிருபாநிதி ஒரு வாரமாகப் பார்க்கலாம், பார்க்கலாம் என்று நழுவிக்கொண்டிருந்தார்.

சொந்த ஊரான நாசரேத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பேர் தேர்ந்தெடுப்பது தாய். ஞானஸ்நானம் வரைக்கும் அதை யாரிடமும் மூச்சு விடமாட்டாள், புருஷனிடம்கூட. குருவானவர் "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்கும்போதுதான் புருஷன் காதில் சொல்வாள். அவன் சபை முழுக்கக் கேட்கும்படி அதை உரக்கச் சொல்வான். எங்களுக்கு அது கொடுத்துவைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் பேர் கேட்டதற்கு, "இன்னும் வைக்கல" என்று சொல்லியிருக்கிறார் இவர். குருவானவரும் சபைப் பதிவேட்டில் 'ஆண் குழந்தை' என்று எழுதிவிட்டார். நான் அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க எழுதுங்க," என்றேன் சுடலைராஜிடம். "சார் அழிச்சா நான் திரும்ப எழுதிக்கிடுதேன். சார், எனக்கு அரை நாள் லீவு வேணும்."

அவர் பதில் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டேன்.

ஆட்டோவில் நேரே துறைமுக வாசல். கிருபாநிதிக்கு அங்கே கப்பல் ஏஜென்சி ஒன்றில் கன்டெய்னர் நம்பர்களைச் சரிபார்க்கிற வேலை. போன் போட்டதும் வேர்த்து விறுவிறுத்து வந்தார். விண்ணப்பத்தை நீட்டினேன்.

"ஏளா, பழசைக் கிளறாத."

"நாளைக்கோட முடியுது."

"இனிமே அவனை யாரு பேரு சொல்லிக் கூப்பிடப் போறா? பேரே வைக்காமப் போன பிள்ளை."

"வச்சிருந்தேன்."

அவர் முகம் மாறியது.

"அஞ்சாம் மாசத்துலயே வச்சிட்டேன். நாலு மணி நேரமும் மனசுக்குள்ள அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். நீங்க வைக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பதினஞ்சு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கட்டும்னு இருந்தேன். வீம்புதான். இப்ப வீம்புக்கும் நேரமில்ல."

உப்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போகும்வரை நின்றார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

வழியில் சுடலைராஜ் போனில் படம் அனுப்பியிருந்தார். நூற்றுப் பதினெட்டாம் கட்டத்தில் ஓகனேசான். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. கிருபாநிதி எட்டிப் பார்த்தார்.

"இது எம்புட்டு நேரம் இருக்கும்?"

"நம்ம பிள்ளையைவிடக் கொறச்சல்."



பதிவு அலுவலகத்தில் சரண்யாதேவி என்கிற இளம்பெண் காகிதங்களைப் புரட்டினாள்.

"இறப்பும் பதிவாயிருக்கே. இப்ப பேரு சேத்து என்னக்கா செய்யப் போறீங்க? பள்ளிக்கூடத்துல சேக்கணுமா, பாஸ்போர்ட்டு எடுக்கணுமா?"

குத்தலாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டாள். அதனால் கொஞ்சம் தணிந்தே சொன்னேன்.

"ஒண்ணும் செய்யப் போறதில்லம்மா. அவன் இருந்தான், பேரு வேணும். செத்த பிள்ளைக்குச் சேக்கக் கூடாதுன்னு விதி இருந்தா எடுத்துக் காட்டு. இல்லன்னா நான் இங்கன இருந்து அசையமாட்டேன்."

விதிகள் இருந்த கோப்பை எடுத்து மேலும் கீழும் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. கணினிப் பக்கம் திரும்பினாள்.

"பேரு எழுதுற இடத்தைக் காலியா விட்டிருக்கீங்களே. பிள்ளைக்கு என்ன பேரு?"

எங்களுக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். கிருபாநிதி குனிந்து தன் காதை என் பக்கம் கொடுத்தார். சொன்னேன்.  பிறகு நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பெவின்," என்றார், வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி.